ஓஸ்வீகன் ஜூனியர் லக்ராஸ் அணி: வரலாறு தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

அம்பை பி.டி. வாத்தியார்:

எல்லாருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். கபடி, கோ-கோ, வாலிபால் என்றால் விடிய விடியப் பேசுவேன். இப்போது கேட்க வந்திருப்பது எனக்குச் சுத்தமாகத் தெரியாத ஒரு விளையாட்டைப் பற்றி.

என்னிடம் கபடி ஆடிய பையன் ஒருவன் இப்போது கனடாவில் பிராண்ட்ஃபோர்டு என்ற ஊரில் லாரி ஓட்டுகிறான். போன வாரம் வாட்ஸப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். ஓர் உள்ளரங்கு, பதினெட்டு இருபது வயசுப் பையன்கள், முகத்துக்குக் கம்பி வைத்த ஹெல்மெட், கையில் ஒரு கோல், கோலின் முனையில் வலை. பந்தைக் கையாலும் தொடுவதில்லை, காலாலும் தொடுவதில்லை, ஒருவன் வலையிலிருந்து இன்னொருவன் வலைக்கு அது பறந்துகொண்டே இருக்கிறது. "சார், இதுதான் லக்ராஸ். ஆடுறது பக்கத்துல இருக்கிற பூர்வகுடி ஊர்ப் பசங்க, ஊர் பேரு ஓஸ்வீகன். கல்லிடைக்குறிச்சி அளவுகூட இருக்காது சார், ஆனா இந்த நாட்டுக்கே சாம்பியனா வந்திருக்காங்க" என்று குரல் பதிவும் போட்டிருந்தான்.

எங்கள் பள்ளியில் காரையாறு அணைக்கு மேலே உள்ள காணிப் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கிற பையன்கள் ஏழு பேர் இருக்கிறார்கள். மரம் ஏறுவதிலும் ஓடுவதிலும் அவர்களை யாரும் தொட முடியாது, ஆனால் அணி பிரித்து நிறுத்தினால் ஓரமாகப் போய் நின்றுகொள்வார்கள். இந்த வீடியோவை அவர்களிடம் காட்டினேன். நாலு தடவை திருப்பிப் போடச் சொன்னார்கள். அடுத்த வாரம் வீட்டுக்குப் போய்விட்டு வந்தவன், அதிகம் பேசாத ஒருவன், பிரம்பை நெருப்பில் வாட்டி முனையை வளைத்து, கடையில் வெங்காயம் வருமே சிவப்பு வலைப்பை, அதை அறுத்துக் கட்டி ஒரு கோல் கொண்டுவந்து நீட்டினான். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வளைவில் ஒரு நார்கூடப் பிரியவில்லை. கட்டு மட்டும் நைலான் கயிறு, மூன்று சுற்று. டென்னிஸ் பந்தைப் போட்டுப் பார்த்தோம், மூன்றாவது பிடியில் வலை கிழிந்துவிட்டது.

திங்கட்கிழமை காலை வணக்கக் கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிஷம் உண்டு. அந்த ஊர் அணியின் கதையைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அது உண்மையிலேயே ஊர் அணிதானா, எப்படி உருவானது, இவ்வளவு சின்ன ஊர் எப்படி ஜெயித்தது? தப்பாக எதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடக் கூடாது, அதுதான் கேட்கிறேன்.

வீரவநல்லூரிலிருந்து ஹாமில்டன்:

சார், நான் வீரவநல்லூர். ஹாமில்டன் வந்து பதினோரு வருஷம் ஆகிறது. என்னோடு வேலை பார்க்கிற ஒருவர் அந்த ஊர்க்காரர், அவர் கூட்டிக்கொண்டு போய்த்தான் இந்த ஆட்டத்தை முதலில் பார்த்தேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த மண்ணைச் சொல்ல வேண்டும், அதைச் சொல்லாமல் அணியைச் சொன்னால் பாதிக் கதைதான். மோஹாக், ஒனைடா, ஒனண்டாகா, கயூகா, செனகா என்று ஐந்து நாட்டு மக்கள் வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பே ஒரு கூட்டமைப்பாக இருந்தவர்கள். 1720களில் டஸ்கரோரா மக்களும் சேர்ந்து ஆறானது. வெளியார் வைத்த பெயர் இரகுவா. அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது ஹோடினோஷோனி, நீளவீட்டு மக்கள் என்று பொருள். அமெரிக்க விடுதலைப் போரில் இவர்களில் பெரும்பகுதி பிரிட்டிஷ் பக்கம் நின்றது. பிரிட்டிஷ்காரன் தோற்றதும் இவர்கள் மண் போனது. அதற்கு ஈடாக 1784இல் ஹால்டிமாண்ட் என்ற கவர்னர், கிராண்ட் ஆற்றின் இரண்டு கரையிலும் ஆறாறு மைல் அகலத்துக்கு, ஆறு பிறக்கிற இடம் வரை உங்களுக்கு என்று எழுதிக் கொடுத்தார். பிள்ளைகளுக்குப் புரிய வேண்டுமென்றால் இப்படிச் சொல்லுங்கள்: தாமிரபரணியின் இரு கரையும், பொதிகையிலிருந்து புன்னைக்காயல் வரை, வயலும் தோப்பும் ஊருமாக ஒரே ஜனத்துக்கு என்று பத்திரம் எழுதினால் எப்படியோ அப்படி. மொத்தம் ஒன்பதரை லட்சம் ஏக்கர். இன்றைக்குக் கையில் இருப்பது சுமார் 46,000 ஏக்கர். மீதி எப்படிப் போனது என்பதுதான் அந்த ஊரின் தீராத வழக்கு.

அந்த மிச்ச நிலத்தின் நடுவில் இருக்கிற ஊர்தான் ஓஸ்வீகன். அணியின் பெயர் சிக்ஸ் நேஷன்ஸ் ஆரோஸ், அதாவது ஆறு நாட்டு அம்புகள். ஜூனியர் ஏ பிரிவு, 21 வயது வரை ஆடலாம். ஜூனியர்களுக்குக் கனடாவில் உச்சம் மின்டோ கோப்பை. 1901இல் கவர்னர் ஜெனரலாக இருந்த மின்டோ பிரபு கொடுத்தது, 1937லிருந்து ஜூனியர்களுக்கு என்று ஆனது.

ஆரோஸ் பையன்கள் அந்தக் கோப்பையை முதலில் ஜெயித்தது 1992இல். அப்புறம் 2007. அப்புறம் 2014, 2015 என்று அடுத்தடுத்து. 2014இல் இன்னொன்றும் நடந்தது. அதே ஊரின் பெரியவர்கள் அணி சீஃப்ஸ், பெரியவர்களுக்கான மான் கோப்பையை ஜெயித்தது. தேசத்தின் இரண்டு பெரிய லக்ராஸ் கோப்பையும் ஒரே வருஷம் ஒரே ஊரில்.

ஆனால் சார், கோப்பைக் கணக்கை மட்டும் சொன்னால் பிள்ளைகளுக்கு இதன் கனம் தெரியாது. அதற்கு முந்தைய கதை ஒன்று இருக்கிறது. ராஸ் பவ்லெஸ் என்று ஒருவர், அந்த மண்ணில் பிறந்தவர். 1951லிருந்து 1954 வரை நாலு வருஷம் வரிசையாக மான் கோப்பை ஜெயித்த அணியில் ஆடினார். அது பீட்டர்பரோ ஊர் அணி. அவருடைய மகன் கேலார்ட் பவ்லெஸ், 1964லிருந்து 1967 வரை வரிசையாக நாலு மின்டோ கோப்பை ஜெயித்தார். அது ஒஷாவா ஊர் அணி. அப்பனுக்கு நாலு, மகனுக்கு நாலு, ஆக எட்டுக் கோப்பை, எட்டிலும் இன்னொரு ஊரின் பெயர்தான் பொறித்திருக்கிறது. திறமை இந்த மண்ணில் விளைந்தது, அறுவடை வேறு ஊர்க் களத்தில் நடந்தது. 1992இல் ஆரோஸ் ஜெயித்தபோது கேலார்ட் உயிரோடு இருந்தார். 2001இல்தான் காலமானார். தான் ஜெயித்த அதே கோப்பையில் தன் ஊர்ப் பெயர் ஏறியதைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு அடைக்கும். ஓஸ்வீகனில் ஓர் அரங்குக்கு அவர் பெயர்தான். 2004இல் லக்ராஸுக்கென்றே தனியாக இன்னோர் அரங்கும் வந்துவிட்டது.

நான் முதல் தடவை போனபோது பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். உள்ளே ஆட்டம் சூடுபிடித்துக் கிடக்கிறது, நான் தண்ணீர் வாங்க வெளி நடைக்கு வந்தேன். அங்கே ஆறேழு வயசுப் பொடியன் ஒருவன் சின்னக் கோலோடு சுவரைப் பார்த்து நிற்கிறான். பந்தை எறிகிறான், சுவரில் டக் என்று பட்டு வருகிறது, வலையில் வாங்குகிறான், திரும்ப எறிகிறான். வலது கையில் கொஞ்ச நேரம், அப்புறம் இடது கைக்கு மாற்றிக்கொண்டு அதே மாதிரி. யாரும் சொல்லித் தரவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. நான் தண்ணீர் குடித்து முடிக்கிறவரை ஒரு பந்துகூடத் தரையில் விழவில்லை. சின்ன ஊர் எப்படி ஜெயித்தது என்று கேட்டீர்களே, நான் பார்த்த பதில் இதுதான்.

கோவில்பட்டி பழைய பேக்:

வீரவநல்லூர்த் தம்பி அருமையாக எழுதியிருக்கிறார். நான் கோவில்பட்டியில் நாற்பது வருஷம் ஹாக்கி மட்டையோடு கிடந்தவன், அதனால் மட்டை பிடித்து ஆடுகிற எதைப் பற்றிக் கேட்டாலும் தேடிப் படித்துவிடுவேன். வாத்தியார் அண்ணாச்சிக்கு இரண்டு விஷயம் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒன்று, இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர்களையே ஆட்டத்திலிருந்து வெளியே தள்ளிய கதை. லக்ராஸ் என்பது பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர். மோஹாக் மொழியில் தேவாரத்தோன் என்கிறார்கள். நம் காதுக்குத் தேவாரம் மாதிரி கேட்கிறது, சம்பந்தம் ஒன்றும் கிடையாது. மாண்ட்ரீலில் பீர்ஸ் என்று ஒரு பல் டாக்டர், 1867இல் இந்த ஆட்டத்துக்குச் சட்டதிட்டம் எழுதிப் பரப்பினார். அந்தச் சட்டத்திலேயே, முன்கூட்டி ஒப்புக்கொண்டால் ஒழிய பூர்வகுடி ஆட்டக்காரன் வெள்ளையர் கிளப்புக்கு ஆடக்கூடாது என்று ஒரு வரி. 1876இல் அதே பீர்ஸ், மாண்ட்ரீல் பக்கத்துக் கானவாகே மோஹாக் ஆட்டக்காரர்களை இங்கிலாந்துக்குக் கப்பலில் கூட்டிப்போய் விக்டோரியா ராணி முன்னால் ஆட வைத்தார். நாலே வருஷம், 1880இல், கூலி வாங்கி ஆடுகிறவர்கள் போட்டிக்கு வரக்கூடாது என்று சங்கம் விதி போட்டது. ரயில் சார்ஜுக்குக்கூடப் பணம் வாங்காமல் ஏழை ஜனம் எப்படி வெளியூர் போய் ஆடும்? அந்த ஒரு விதியில் இவர்கள் மொத்தமாக வெளியே போனார்கள்.

உள்ளே வர வழி திறந்தது 1930களில். குளிர்காலத்தில் ஐஸ் ஹாக்கி நடக்கிற அரங்குகள் கோடையில் சும்மா கிடக்கின்றனவே என்று மாண்ட்ரீல் ஹாக்கி முதலாளிகள் லக்ராஸை அதற்குள் கொண்டுவந்தார்கள். பாக்ஸ் லக்ராஸ் என்று பெயர். பக்கத்துக்கு ஐந்து பேர், ஒரு கோல்கீப்பர், பந்து போட நாலடிக்கு நாலடி கோல் வாயில், இருபது நிமிஷமாக மூன்று பகுதி, சுவரில் பட்ட பந்தும் ஆட்டத்தில் உண்டு. சின்ன ஊருக்கு ஏற்ற ஆட்டம், பத்துப் பதினைந்து பையன்கள் தேறினால் அணி இறக்கிவிடலாம். பூர்வகுடி ஊர்கள் இதைப் பிடித்துக்கொண்டன, அதில் ஆடியவர்களுக்குக் கூலியும் கிடைத்தது. ஓஸ்வீகன் மண்ணில் பிறந்து பிற்பாடு ஹாலிவுட் நடிகரான ஜே சில்வர்ஹீல்ஸ்கூட அந்தக் காலத்துப் பாக்ஸ் லக்ராஸ் ஆட்டக்காரர்தான்.

இரண்டாவது, தம்பி சொன்ன அந்த எட்டுக் கோப்பை. அதைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் ஆடின காலத்தில் எங்கள் அணியில் பாதிப்பேர் பகல் முழுக்கத் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிவிட்டு, விரலில் மருந்து வாசனையோடு சாயங்காலம் மட்டையைத் தூக்கினவர்கள். அதில் நல்லா ஆடினவனை ரயில்வே எடுத்துக்கொள்ளும், போலீஸ் எடுத்துக்கொள்ளும், வங்கி எடுத்துக்கொள்ளும். போகாதே என்று யார் சொல்வது? வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். ஆனால் மறுநாள் பேப்பரில் துறையின் பெயர்தான் வரும், ஊர் பெயர் வராது. 2022 ஆசியக் கோப்பையில் எங்கள் ஊர்ப் பையன் மாரீஸ்வரன் சக்திவேல் இந்தியாவுக்கு ஆடினபோது டீக்கடை டீவி முன்னால் நின்ற கூட்டத்தில் நானும் ஒருத்தன். கோவில்பட்டி என்று வர்ணனையில் சொன்னபோது பக்கத்தில் நின்ற பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வெளியூருக்கு ஆடப் போவது குற்றம் இல்லை, பவ்லெஸ் குடும்பமும் குற்றம் செய்யவில்லை. ஊரில் பொடிசுகளுக்கு ஓர் அணி, அதற்கு மேலே ஜூனியர், அதற்கு மேலே பெரியவர்கள் என்று படிக்கட்டு இல்லாவிட்டால் பையன் வேறு எங்கே போவான்? ஜூனியர்தான் நடுப்படி. அது இல்லையென்றால் பதினாறு வயசில் பையன் ஊரை விட்டுப் போயே ஆக வேண்டும். ஆரோஸ் அந்த நடுப்படி.

மயிலாறு:

சார், நான் காணி. குடியிருப்பிலிருந்து இறங்கிவந்து பாளையங்கோட்டையில் எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். விடுதியிலேயே வளர்ந்தவள் என்பதால் உங்கள் கேள்வியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

அந்தக் கதையைச் சொல்கிறீர்கள் என்றால் பிராண்ட்ஃபோர்டில் இருந்த விடுதிப் பள்ளியை விட்டுவிடாதீர்கள். மோஹாக் இன்ஸ்டிட்யூட் என்று பெயர், 1970இல்தான் மூடினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் அந்த மக்களின் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து அங்கே வைத்திருந்தார்கள். தலைமுடியை வெட்டினார்கள், தாய்மொழி பேசினால் அடித்தார்கள். சாப்பாடு பெரும்பாலும் கூழ் மாதிரி ஓட்ஸ் கஞ்சி, அதனால் பிள்ளைகள் அந்த இடத்துக்கு வைத்த பெயரே கஞ்சிக்குழி என்று அர்த்தம் வரும். இன்றைக்கு அந்த இடத்தில் அவர்களுடைய பண்பாட்டு மையம் இருக்கிறது. ஆரோஸ் பையன்களின் தாத்தா பாட்டிகளில் அங்கே இருந்தவர்கள் உண்டு. 2014இல் அமெரிக்கக் கல்லூரி லக்ராஸின் மிகப் பெரிய விருதை லைல் தாம்சன், மைல்ஸ் தாம்சன் என்று ஒனண்டாகா நாட்டு அண்ணன் தம்பி இருவருக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள், பூர்வகுடி ஒருவருக்கு அது கிடைத்தது அதுதான் முதல் தடவை. இரண்டு பேருக்கும் முதுகு வரை சடை. வெட்டப்பட்ட சடை திரும்ப வளர்ந்து ஹெல்மெட்டுக்கு வெளியே தொங்குகிறது. நான் அந்தப் படத்தை அறையில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. அது அவர்களுக்கு வெறும் விளையாட்டு இல்லை. படைத்தவனின் ஆட்டம் என்பார்கள், நோய் தீர ஆடுவார்கள், ஒருவர் உடம்பு தேற வேண்டும் என்று ஊரே கூடி ஆடுவதும் உண்டு. ஆண் குழந்தை பிறந்தால் தொட்டிலில் சின்னக் கோல் வைப்பதும், பெரியவர் இறந்தால் கோலோடு அடக்கம் செய்வதும் வழக்கம். எங்களில் உடம்புக்கு முடியாதவர் முன்னால் கொக்கரை என்ற கருவியை உரசி ராத்திரி முழுக்கச் சாற்றுப்பாட்டு பாடுவார்கள். அதைப் பார்த்து வளர்ந்த உங்கள் ஏழு பையன்களுக்கு இதை விளக்க வேண்டியதே இருக்காது, சொன்ன உடனே புரியும். மற்ற பிள்ளைகளுக்குத்தான் விளக்க வேண்டியிருக்கும்.

கோலும் அப்படித்தான். ஹிக்கரி என்ற மரத்தைப் பிளந்து, ஆவியில் வேகவைத்து வளைத்து, மாதக்கணக்கில் காய விட்டு, அப்புறம் தோல்வாரில் வலை பின்னுவார்கள். ஒனண்டாகாவில் ஆல்ஃப் ஜாக்ஸ் என்ற பெரியவர் வாழ்நாள் முழுக்க அதைத்தான் செய்தார், 2023இல் இறந்தார். இப்போது போட்டிகளில் பெரும்பாலும் பிளாஸ்டிக் தலைதான், ஆனால் சடங்குக்கு ஆடும்போது மரக்கோல்தான், அதைப் பெண்கள் தொடக்கூடாது என்ற கட்டுப்பாடும் உண்டு. பெண்களுக்குத் தனியாகத் தேசிய அணி இருக்கிறது, அவர்கள் பிளாஸ்டிக் கோலில் ஆடுகிறார்கள். அதைப் பற்றி அந்த ஊர்ப் பெண்களே என்ன சொல்கிறார்களோ அதுதான் எனக்குக் கணக்கு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்தப் பையன் செய்த கோலை மேடையில் தூக்கிக் காட்டுவதற்கு முன்னால் அவனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு விழாவில் எங்களை மேடை ஏற்றி 'மலைவாழ் குழந்தைகள்' என்று அறிவித்துக் கைதட்டச் சொன்னார்கள். வந்தவர்கள் நல்ல மனசோடுதான் செய்தார்கள். அன்றைக்கு ராத்திரி நாங்கள் யாருமே சாப்பிடவில்லை. கூட்டத்தில் நிறுத்துவதை விட அவனை அணியில் நிறுத்துங்கள் சார்.

தென்காசி சாரல்:

மேலே எல்லாரும் எழுதினதில் ஒன்று விட்டுப்போனது, நாட்டு அணி விஷயம். ஆரோஸ் மாதிரி ஜூனியர் அணிகளில் தேறுகிற பையனுக்கு அடுத்த கனவு கனடா அணி இல்லை, ஹோடினோஷோனி தேசிய அணிதான். 1983இல் தொடங்கியது, 1990இல் முதல் முறையாக உலகப் போட்டியில் தங்கள் கொடியோடு ஆடினார்கள். 2010இல் மான்செஸ்டரில் உலகப் போட்டி. தங்கள் சொந்தப் பாஸ்போர்ட்டில்தான் வருவோம் என்று நின்றார்கள், பிரிட்டன் விசா மறுத்தது, நியூயார்க்கில் காத்துக் கிடந்து ஆடாமலே திரும்பினார்கள். அமெரிக்கப் பாஸ்போர்ட்டோ கனடா பாஸ்போர்ட்டோ வாங்கியிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்கும். வாங்கவில்லை.

2022 உலக விளையாட்டுப் போட்டியில் முதலில் இவர்களுக்கு இடமே தரவில்லை, அயர்லாந்து அணி தன் இடத்தை விட்டுக்கொடுத்து இவர்களை உள்ளே விட்டது. இப்போது 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் லக்ராஸ் வருகிறது. தனி நாடாக ஆட விடுங்கள் என்று கேட்கிறார்கள், தேசிய ஒலிம்பிக் கமிட்டி உள்ள நாடுகள்தான் அணி அனுப்ப முடியும் என்பது ஒலிம்பிக் சங்கத்தின் பதில். 2023 டிசம்பரில் அமெரிக்க அதிபராக இருந்த பைடனே அவர்களுக்காகப் பேசினார். 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் மோஹாக் அணி ஒன்று வெண்கலம் வாங்கியிருக்கிறது, அதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

அம்பை பி.டி. வாத்தியார்:

எல்லாருக்கும் நன்றி. திங்கட்கிழமை சொல்லிவிட்டேன். பத்து நிமிஷம் பதினெட்டு நிமிஷமாகிவிட்டது, தலைமையாசிரியர் ஒன்றும் சொல்லவில்லை.

மயிலாறு தங்கச்சிக்கு முதலில் பதில். நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு அந்தக் கோலை மேடைக்கு எடுத்துப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விடுதிக்குப் போய் ஏழு பேரிடமும் தனியாக உட்கார்ந்து முழுக் கதையையும் சொன்னேன், விடுதிப் பள்ளி, முடி வெட்டினது, கஞ்சி, எல்லாம். கொக்கரை என்று நான் சொன்னதும் ஒருத்தன் சிரித்துவிட்டு, தன் தாத்தாதான் அங்கே பாடுகிறவர் என்றான். மூன்று வருஷமாக என்னிடம் படிக்கிறான், இது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கூட்டத்தில் என்ன சொல்லலாம், எதைச் சொல்ல வேண்டாம் என்று அவர்களிடமே கேட்டுக்கொண்டேன். ஊர்ப் பெயரைச் சொல்லுங்கள் சார், எங்களைக் கூப்பிட வேண்டாம் என்றார்கள். அப்படியே செய்தேன்.

அந்த எட்டுக் கோப்பைக் கதையைச் சொன்னபோதுதான் கூட்டம் சத்தமில்லாமல் கேட்டது. அப்புறம் எட்டாம் வகுப்புப் பெண் ஒன்று வந்து, "அந்த மகன் கடைசிவரை தன் ஊருக்கு ஆடவே இல்லையா சார்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஹாமில்டன் தம்பிக்குத் தெரிந்தால், இல்லை அந்த ஊர் நண்பரிடம் கேட்க முடிந்தால், சொல்லுங்கள். பிள்ளையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்போது கோல் நாலு ஆகிவிட்டது. வெங்காயப் பைக்குப் பதில் பழைய வாலிபால் வலையை வெட்டிக் கட்டியிருக்கிறார்கள், அது தாங்குகிறது. செய்கிறவன் அந்த அதிகம் பேசாத பையன்தான். மற்ற பிள்ளைகள் அவனிடம் போய் எனக்கும் ஒன்று என்று கேட்டு வரிசையில் நிற்கிறார்கள், அவன் பிரம்பின் கனத்தைப் பார்த்து இது உனக்கு, இது உனக்கு என்று பிரித்துக் கொடுக்கிறான். மோதி ஆடக்கூடாது, கோலால் தட்டக்கூடாது, எறிதலும் பிடித்தலும் மட்டும்தான் என்று விதி போட்டிருக்கிறேன், ஹெல்மெட் இல்லாமல் அதற்கு மேல் போக மாட்டேன். கழிவறைக்குப் பின்னால் உள்ள நீளச் சுவரில் மதிய இடைவேளையில் டக் டக் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

பந்துதான் பிரச்சினை. டென்னிஸ் பந்து எடை இல்லாமல் வலையில் உட்கார மாட்டேன் என்கிறது, கிரிக்கெட் பந்தை நான் அனுமதிக்கவில்லை.

வீரவநல்லூரிலிருந்து ஹாமில்டன்:

சார், நண்பரிடம் கேட்டு எழுதுகிறேன், அந்தப் பிள்ளையிடம் இரண்டு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள்.

லக்ராஸ் பந்து கெட்டி ரப்பர், நூற்று நாற்பது கிராமுக்கு மேல் இருக்கும், கிரிக்கெட் பந்தைவிடக் கொஞ்சம்தான் எடை குறைவு, பட்டால் நல்லா வலிக்கும். அதனால் சுவரில் அடித்துப் பழக மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஆள் எறிய உள்ளே காற்றடைத்த மெத்துப் பந்து தனியாகக் கிடைக்கிறது, இங்கே பொடியன்கள் அதில்தான் தொடங்குகிறார்கள். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன், இரண்டிலும் ஆறாறு வாங்கி வருகிறேன். ஒரு பழைய மரக்கோல் கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறேன், அந்தப் பையன் வளைவைக் கையில் பிடித்துப் பார்க்கட்டும். தாம்சன் அண்ணன் தம்பி படம் பெரிதாக அச்சடித்து வேண்டுமா?

அம்பை பி.டி. வாத்தியார்:

வேண்டும் தம்பி. விடுதிச் சுவருக்கு ஒன்று, பள்ளிக்கு ஒன்று. மரக்கோல் கிடைத்தால் தபாலில் போட்டுவிடாதீர்கள், கையோடு கொண்டுவாருங்கள், அவன் கையில் நீங்களே கொடுங்கள்.